உறை ஊற்றி வைத்த வானொலி

வானொலியில் வேலை பார்ப்பவனுக்கு மேலதிகாரி என்று ஒருவர் இருப்பார். ஆனால் உண்மையான அதிகாரி சுவர்க் கடிகாரம்தான். காலைச் செய்தி ஏழே காலுக்கு என்றால் ஏழே காலுக்குத்தான். சில விநாடி பிசகினாலும் பதிவேட்டில் ஏறும், விளக்கம் கேட்டுக் காகிதம் வரும். அந்தக் கடிகாரத்தின் கீழ் ஒலிப்பதிவுப் பொறியாளனாக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேட்பவர்களுக்கும் அதே சட்டம்தான். அந்த நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தாலோ கரண்ட் போயிருந்தாலோ தீர்ந்தது, நிகழ்ச்சி காற்றோடு போய்விடும். ‘மறு ஒலிபரப்பு உண்டா?’ என்று கேட்டு அஞ்சலட்டை வரும். பெரும்பாலும் இருக்காது. ஸ்பூல் டேப்புக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஒலிபரப்பானதை அழித்துவிட்டு அதே டேப்பில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வோம்.

இப்போது காலை நடையின்போது காதில் மாட்டிக்கொண்டு நான் கேட்பது அமெரிக்காவிலிருந்து வரும் தொழில்நுட்பச் செய்தி பாட்காஸ்டுகள். பூங்காவில் கூட நடக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருநாள் கேட்டார்: “எந்த ஸ்டேஷன் சார் அது?”

“ஸ்டேஷனே கிடையாது ஐயா.”

“அப்போ யாரு அனுப்புறா?”

“யாரும் அனுப்பலை. நம்ம போனே போய் எடுத்துட்டு வந்துடுது.”

நான் அவரைக் கிண்டல் செய்கிறேனோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். ஸ்டேஷன் இல்லாத வானொலி எப்படி வந்தது, அதை யார் யாரெல்லாம் சொந்தம் கொண்டாடப் பார்த்தார்கள், அதில் செய்தி சொல்லியே சிலர் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதையெல்லாம் நாலு சுற்று நடப்பதற்குள் சொல்லி முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

தொடக்கம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு தேதி சொல்வார்கள். நான் 1993-ஐச் சொல்வேன். அந்த ஆண்டு வாஷிங்டனில் கார்ல் மலமூட் என்பவர் ‘இன்டர்நெட் டாக் ரேடியோ’ என்று ஒன்றை ஆரம்பித்தார். அதில் முக்கியமான நிகழ்ச்சி ‘கீக் ஆஃப் தி வீக்’. இணையத்தைக் கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்களை வாரம் ஒருவராக உட்காரவைத்துப் பேட்டி எடுப்பார். வலைத்தளம் என்ற சங்கதியே ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே யாருக்கும் தெரியாத காலம் அது. பேட்டியை ஒலிக்கோப்பாக்கிக் கணினியில் போட்டு வைப்பார். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

எடுப்பது லேசான காரியமில்லை. தொலைபேசித் தரத்தில் ஒலியைப் பதிந்தால் விநாடிக்கு 8,000 பைட். அரை மணி நேரப் பேட்டி 1 கோடியே 44 லட்சம் பைட். அன்று வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய நல்ல மோடத்தின் வேகம் 14.4 கிலோபிட், அதாவது விநாடிக்கு 1,800 பைட். வகுத்துப் பாருங்கள்: 8,000 விநாடி. அரை மணி நேரம் கேட்பதற்கு இரண்டே கால் மணி நேரம் இறக்க வேண்டும், நடுவில் தொலைபேசிக் கம்பி அறுபடாமல் இருந்தால். பல்கலைக்கழகங்களில் இருந்தவர்களுக்கு நல்ல இணைப்பு இருந்ததால் அவர்கள் கேட்டார்கள். மற்றவர்களுக்கு அது கேள்விப்பட்ட அதிசயம். இந்த மலமூட்தான் பின்னாளில் இந்தியத் தர நிர்ணய ஆவணங்களைப் பொதுமக்கள் காசில்லாமல் படிக்க வேண்டும் என்று இணையத்தில் ஏற்றியவர். அந்த விவகாரம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. எதையும் பூட்டி வைக்கப் பொறுக்காத மனிதர்.

அவர் முறையில் ஒரு குறை இருந்தது. புதுப் பேட்டி வந்திருக்கிறதா என்று கேட்பவர்தான் போய்ப் போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் குறை தீர ஏழு வருடம் ஆனது. தீர்த்து வைத்தவர் இருவர், ஒருவருக்கொருவர் நேர் எதிரான பேர்வழிகள்.

ஒருவர் ஆடம் கரி. எம்டிவி தொலைக்காட்சியில் பாட்டுக்கு நடுவே வந்து பேசும் சிகையழகர். 1993-லேயே ‘எம்டிவி டாட் காம்’ என்ற முகவரியைத் தன் பெயரில் பதிந்து வைத்துக்கொண்டார், அவர் வேலையை விட்டதும் கம்பெனி வழக்குப் போட்டது, கடைசியில் சமரசமாயிற்று. இணையம் காசாகும் என்று எம்டிவிக்கு முன்னால் எம்டிவிக்காரர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. இன்னொருவர் டேவ் வைனர், மென்பொருள்காரர், வலைப்பதிவு எழுதுவதில் முன்னோடிகளில் ஒருவர். 2000-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இருவரும் நியூயார்க்கில் ஒரு ஹோட்டல் அறையில் சந்தித்துப் பேசினார்கள்.

கரிக்கு ஒரே மனக்குறை. இணையத்தில் ஒலியோ ஒளியோ கேட்க வேண்டுமானால் சொடுக்கிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருந்து கிடைப்பதும் கரகரவென்று இருக்கும். ஆனால் அப்போதுதான் வீடுகளுக்குக் கேபிள் மோடம் வர ஆரம்பித்திருந்தது. கணினி இரவெல்லாம் இணைப்பில் சும்மா கிடந்தது. கரி சொன்னது நம் வீட்டுச் சமையலறைக் கணக்குதான்: ராத்திரி பாலுக்கு உறை ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் தயிர் தயார், பக்கத்தில் யாரும் விழித்திருக்க வேண்டாம். அதுபோல நாம் தூங்கும்போது கணினி பெரிய கோப்பை மெதுவாக இறக்கி வைக்கட்டும், வந்து சேர்ந்த பிறகு நமக்குச் சொல்லட்டும். கேட்பவருக்குக் காத்திருப்பே தெரியாது. வைனருக்கு முதலில் இது பிடிபடவில்லை. பிடிபட்டதும் வேலையை முடித்துவிட்டார்.

வைனரிடம் ஆர்எஸ்எஸ் என்ற ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. ஒரு வலைத்தளத்தில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்பதை வரிசையாகச் சொல்லும் சாதாரண எழுத்துக் கோப்பு அது. அதற்கு ஃபீட் என்று பெயர். நம் மென்பொருள் அவ்வப்போது அந்தக் கோப்பைப் போய்ப் படித்துவிட்டு, ‘புதுசு வந்திருக்கிறது’ என்று தகவல் சொல்லும். அதில் வைனர் ஒரே ஒரு வரியைச் சேர்த்தார். ‘என்க்ளோஷர்’ என்று பெயர். அந்த வரியில் மூன்றே விவரம்: ஒலிக்கோப்பு எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை பைட் கனம், என்ன வகை. அவ்வளவுதான். 2000 டிசம்பர் 25-ஆம் தேதியிட்ட ஆர்எஸ்எஸ் 0.92 பதிப்பில் அது இடம்பெற்றது. அடுத்த மாதம் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் பாட்டு ஒன்றைத் தன் ஃபீடில் வைத்து வைனர் சோதித்துப் பார்த்தார்.

ஒலிபரப்புக் கருவிகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் இந்த மூன்று விவரத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். எங்களுக்கு ஒரு கிலோவாட், பத்துக் கிலோவாட் என்று டிரான்ஸ்மிட்டர் வேண்டும், கோபுரம் வேண்டும், அலைவரிசைக்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். இங்கே அனுப்புவது என்ற வேலையே கிடையாது. கோப்பு ஓரிடத்தில் சும்மா இருக்கிறது. எடுப்பதா வேண்டாமா, எப்போது எடுப்பது, எப்போது கேட்பது எல்லாம் கேட்பவருடைய இயந்திரத்தின் பொறுப்பு. கனத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். 2003 ஜூலையில் இந்த ஆர்எஸ்எஸ் விதிமுறை ஆவணத்தின் உரிமை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையத்துக்கு மாற்றப்பட்டு, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஆனால் உடனே ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாட் அறிமுகமானதே 2001 அக்டோபர் 23-ஆம் தேதிதான். அதாவது பாட்காஸ்டுக்கான வழி ஐபாடுக்கு முன்னாலேயே போட்டாயிற்று, அதில் போவதற்குத்தான் ஆளில்லை. 2003 ஜூலையில் கிறிஸ்டோஃபர் லைடன் வந்தார். பாஸ்டன் பொது வானொலியில் பெயர் பெற்ற நிகழ்ச்சியாளர். நிகழ்ச்சியின் உரிமை யாருக்கு என்ற தகராறில் 2001-ல் அந்த நிலையத்தைவிட்டு வெளியேறியவர். உரிமைத் தகராறில் அடிபட்ட வானொலிக்காரர், யாருக்கும் உரிமையில்லாத வழிக்கு வந்து சேர்ந்தார். வைனரின் ஏற்பாட்டில் பேட்டிகளை எம்பி3 கோப்பாக ஃபீடில் வைக்கத் தொடங்கினார். அந்த அக்டோபரில் கெவின் மார்க்ஸ் என்ற பொறியாளர், ஃபீடில் வரும் ஒலிக்கோப்பைத் தானாக ஐபாடுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிறு நிரலைச் செய்து காட்டினார். 2004-ல் கரி தன் பங்குக்கு ‘ஐபாடர்’ என்ற நிரலைச் செய்து, நல்ல நிரலாளர்கள் யாராவது இதைச் சரிசெய்யுங்கள் என்று வெளியே விட்டார். அவர்களோடு பேசுவதற்காகவே 2004 ஆகஸ்ட் 13-ஆம் தேதி ‘டெய்லி சோர்ஸ் கோட்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். ‘பாட்காஸ்டிங்’ என்ற பெயரை அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பென் ஹாமர்ஸ்லி ‘கார்டியன்’ நாளிதழில் இரண்டு மூன்று பெயர்களில் ஒன்றாகப் போகிறபோக்கில் எழுதி வைத்திருந்தார்.

இதில் யார் தந்தை, யார் பெரியப்பா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. 2005 டிசம்பரில் விக்கிப்பீடியாவின் பாட்காஸ்டிங் கட்டுரையில் பெயர் போடாமல் யாரோ கை வைத்து, கெவின் மார்க்ஸின் பங்கைச் சொல்லும் பகுதியைக் கழித்துக்கட்டியிருந்தார்கள். கை யாருடையது என்று துப்புத் துலக்கியபோது அது கரியுடையது. அவரும் ஒப்புக்கொண்டார்.

அப்புறம் ஆப்பிள் உள்ளே வந்தது. 2005 மே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பாட்காஸ்ட் வசதியைக் காட்டுவதற்காகக் கரியின் நிகழ்ச்சியை ஒலிக்கவிட்டார். அதில் கரி, தன் மேக் கணினி அன்று படுத்திய பாட்டைக் கெட்ட வார்த்தை போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார். அரங்கம் சிரித்தது. எங்கள் நிலையத்தில் ஒரு மந்திரி வருகையின்போது இப்படி நடந்திருந்தால் அன்றைக்கு டூட்டியில் இருந்தவனுக்கு மாற்றல் உத்தரவுதான். ஜூன் 28-ஆம் தேதி அந்த வசதியோடு ஆப்பிளின் ஐடியூன்ஸ் 4.9 மென்பொருள் வெளியானது, இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் சேர்ந்ததாக ஆப்பிள் அறிவித்தது. கவனிக்க வேண்டியது, ஆப்பிள் செய்யாமல் விட்ட காரியத்தை. ஒலிக்கோப்புகளை அது தன் வசம் வாங்கிக்கொள்ளவில்லை. எந்தெந்த ஃபீட் எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டது. நிகழ்ச்சி நடத்துபவர் நாளைக்கே ஆப்பிளோடு முறைத்துக்கொண்டாலும் அவருடைய ஃபீட் அவரிடமே இருக்கும்.

ஆப்பிள் வந்ததால் நொந்துபோனவர்களும் உண்டு. நோவா கிளாஸ், இவான் வில்லியம்ஸ் முதலானோர் சேர்ந்து பாட்காஸ்டுக்கென்றே ‘ஓடியோ’ என்ற கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஐடியூன்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கிறதென்றால் ஓடியோவை யார் தேடி வருவார்கள்? வேறு என்ன செய்யலாம் என்று ஊழியர்கள் மண்டையைக் குடைந்துகொண்டபோது ஜாக் டோர்ஸி ஒரு யோசனை சொன்னார்: ‘இப்போது என்ன செய்கிறேன்’ என்பதைக் குறுஞ்செய்தியாக எல்லோருக்கும் அனுப்பலாம். 2006 மார்ச்சில் அது ட்விட்டராகத் தலைகாட்டியது. பத்து வருடம் கழித்து நாட்டுத் தலைவர்கள் சண்டை போட்டுக்கொண்ட அந்தத் திண்ணை, தோற்றுப்போன ஒரு பாட்காஸ்ட் கம்பெனியின் மிச்சம்.

யாருக்கும் சொந்தமில்லை என்றால் யாராவது ஒருவர் வேலி போட வருவார். வந்தார். ஜிம் லோகன் என்பவரின் ‘பர்சனல் ஆடியோ’ கம்பெனி 1990-களில் பத்திரிகைக் கட்டுரைகளை வாசித்துக் கேசட்டில் பதிந்து விற்றுப் பார்த்தது, ஓடவில்லை. ஆனால் 1996-லேயே யோசித்துவிட்டோம் என்ற கணக்கில், தொடராக வரும் ஒலி நிகழ்ச்சிகளை இணையத்தில் விநியோகிக்கும் முறைக்கு 2012-ல் காப்புரிமை வாங்கிவிட்டது. மறு வருடமே நகைச்சுவையாளர் ஆடம் கரோலா, சிபிஎஸ், என்பிசி தொலைக்காட்சிகள் என்று பலர் மீதும் வழக்குகள். அறையில் ஒரு மைக் வைத்துப் பேசிக்கொண்டிருந்த சின்னச் சின்ன ஆட்களும் பணம் கேட்டுக் கடிதம் வருமோ என்று அரண்டுபோனார்கள். மின்னணு உரிமைகளுக்காகப் போராடும் ஈஎஃப்எஃப் அமைப்பு, மக்களிடம் நன்கொடை வசூலித்து அந்தக் காப்புரிமையை எதிர்த்தது. 1996-க்கு முன்பே இது நடந்திருக்கிறது என்று காட்டத் தேடியபோது அவர்கள் கையில் கிடைத்தவற்றில் ஒன்று, கார்ல் மலமூடின் 1993 பேட்டிகள். சிஎன்என்னும் கனடாவின் சிபிசியும் செய்த பழைய இணைய ஒலிபரப்புகளும் கூட. 2015 ஏப்ரலில் காப்புரிமை அலுவலகத்தின் நடுவர் மன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. மேல்முறையீட்டிலும் 2017-ல் அதுவே நின்றது. இரண்டே கால் மணி நேரம் மோடத்தில் இறக்கிக் கேட்ட சங்கதி, இருபது வருடம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது. பழைய டேப்பை அழிக்காமல் வைத்திருப்பதன் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இனி தொழில்நுட்பச் செய்திக்கு வருகிறேன். இந்த வகை நிகழ்ச்சிகள் பிறந்ததும் ஒரு ஸ்டேஷன் செத்ததால்தான். சான்ஃபிரான்சிஸ்கோவில் டெக்டிவி என்று ஒரு கேபிள் சானல் இருந்தது. நாள் முழுக்கக் கணினிப் பேச்சு. 2004-ல் அதை வாங்கிய கம்பெனி ஒரு வீடியோ கேம் சானலோடு கலந்துவிட்டது; பலருக்கு வேலை போயிற்று. அங்கே பிரபலமாயிருந்த லியோ லபோர்ட், 2005 தொடக்கத்தில் பழைய சகாக்களோடு ஒரு மதுக்கடையில் கூடிப் பேசியதைப் பதிவு செய்து இணையத்தில் விட்டார். இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். ஏப்ரலில் ‘திஸ் வீக் இன் டெக்’ முறையாகத் தொடங்கியது.

மதுக்கடையில் பதிவா என்று நான் முகம் சுளித்ததுண்டு. எங்கள் காலத்தில் பேச்சாளர் ஒரு இருமல் இருமினால் அதை எடுத்துத்தான் தீர வேண்டும். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமலின் தொடக்கம் ஹெட்டுக்கு நேராக வரும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் குறி. முடிவில் இன்னொரு குறி. டேப்பைச் சின்ன அலுமினியப் பள்ளத்தில் படுக்கவைத்து ரேஸர் பிளேடால் சாய்வாக இரண்டு வெட்டு. முனைகளை ஒட்டு டேப்பால் சேர்த்து நகத்தால் நீவி விட வேண்டும். அரை விநாடி இருமலுக்கு ஏழரை அங்குல டேப் தரையில் விழும். சாய்வாக வெட்டாமல் நேராக வெட்டினால் ‘டக்’கென்று சத்தம் வரும். இப்படிப் பழகியவனுக்கு, நாலு பேர் ஒரே சமயத்தில் பேசிச் சிரிக்கும் பதிவு முதலில் நாராசமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கக் கேட்க ஒன்று தெரிந்தது: அந்தச் சிரிப்பை எடிட் செய்துவிட்டால் செய்தியில் பாதி போய்விடும். ஒரு கம்பெனியின் அறிவிப்பை அவர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது.

லபோர்டின் நிகழ்ச்சிக் குடும்பத்திலிருந்து கிளைத்தவைதான் இன்றைக்கும் ஓடும் பல நிகழ்ச்சிகள். ‘செக்யூரிட்டி நௌ’ 2005 ஆகஸ்டிலிருந்து வாரந்தோறும் வருகிறது. அதில் பேசும் ஸ்டீவ் கிப்ஸன், 999-ஆவது பாகத்தோடு நிறுத்திக்கொள்வேன், நாலு இலக்கம் எனக்குச் சரிவராது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நெருங்கியதும் மனசு வரவில்லை. 2024 நவம்பரில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார். அதே 2024-ல் விளம்பர வருமானம் குறைந்து லபோர்ட் தன் ஸ்டுடியோவை மூடி, வீட்டிலிருந்தே நடத்தத் தொடங்கினார்.

டாம் மெரிட்டின் கதை இதில் முக்கியம். சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் ‘பஸ் அவுட் லௌட்’, பிறகு லபோர்டிடம் தினச் செய்தி என்று இருந்தவர், 2013 முடிவில் அந்த வேலை முடிந்ததும் 2014 ஜனவரியில் சொந்தமாக ‘டெய்லி டெக் நியூஸ் ஷோ’வைத் தொடங்கினார். வார நாட்களில் சுமார் அரை மணி. பணம் பெரும்பாலும் நிகழ்ச்சியைக் கேட்பவர்களிடமிருந்தே வருகிறது. பேட்ரியான் என்ற தளத்தின் வழியாக மாதாமாதம் தங்களால் முடிந்த சில டாலர். ஆப்பிளைப் பற்றியும் கூகுளைப் பற்றியும் தினமும் பேசும் ஒருவருக்கு ஆப்பிளின் தயவோ கூகுளின் தயவோ தேவைப்படாமல் சோறு கிடைப்பது லேசான விஷயமில்லை. ஃபீட் அவருடையது, கேட்பவர்கள் அவருடையவர்கள்.

மெரிட்டிடம் எனக்குப் பிடித்த இன்னொரு வழக்கம், ‘வரலாற்றில் இன்று’. தொழில்நுட்பத்தில் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று 2012-ல் ஒரு புத்தகமே எழுதியவர். வானொலியிலும் ‘இன்று ஒரு தகவல்’ மாதிரியான நிரப்பு நிமிடங்கள் உண்டு. எனவே முதலில் இதையும் இடைவெளி நிரப்பி என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. உதாரணத்துக்கு டிசம்பர் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1992-ல் அதே நாளில் இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் எஸ்எம்எஸ். பெற்றவர் வோடஃபோன் நிர்வாகி ரிச்சர்ட் ஜார்விஸ். அவர் கையிலிருந்த கருவியில் பதில் அனுப்பும் வசதிகூட இல்லை. 2001-ல் அதே டிசம்பர் 3-ஆம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் செக்வே என்ற, நின்றபடி ஓட்டும் இரு சக்கர வண்டி அறிமுகமானது. பல மாதமாக, நகரங்களையே மாற்றி அமைக்கப்போகிறது என்ற பேச்சு. கடைசியில் அது சுற்றுலாப் பயணிகளுக்கும் மால் காவலர்களுக்கும் பயன்பட்டு, 2020-ல் உற்பத்தி நின்றது. காலண்டரில் ஒரே தாளில் இரண்டும் இருக்கின்றன. தினமும் ‘புரட்சி’ என்ற சொல்லைக் கேட்டுக் காது புளித்தவனுக்கு அந்த ஒரு தாள் போதும்.

1969 அக்டோபர் 29 இன்னும் விசேஷம். லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர் சார்லி கிளைன் இரவு பத்தரை மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக்கூடத்தில் பில் டுவால். இருவர் காதிலும் தொலைபேசி. ‘லாகின்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். எல் அடித்துவிட்டு, வந்ததா என்று தொலைபேசியில் கேட்கிறார்; வந்தது. ஓ அடிக்கிறார், வந்தது. ஜி அடித்ததும் அந்தப் பக்கத்துக் கணினி படுத்துவிட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் சரிசெய்து முழுதாக நுழைந்தார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் முதல் செய்தி அந்த இரண்டு எழுத்துதான். அதே ஆண்டு ஜூலையில் நிலவில் மனிதன் இறங்கியதை உலகமே கேமரா வழியாகப் பார்த்தது. இங்கே கேமரா இல்லை, டேப் ரெக்கார்டர் இல்லை. பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக் கிளைன் எழுதிய ஒற்றை வரி இருக்கிறது. அந்த இருவரின் தொலைபேசிக் குரலை மட்டும் யாராவது பதிந்து வைத்திருந்தால், ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்த எவனும் அதற்காக ஒரு மாதச் சம்பளம் கொடுப்பான்.

இந்த நிகழ்ச்சிகளில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அவர்களுடைய காலண்டர் பெரும்பாலும் கலிஃபோர்னியாக் காலண்டர். 1995 ஜூலை 31-ஆம் தேதி மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமுடன் கைபேசியில் பேசியதோ, அடுத்த இரண்டு வாரத்தில் சுதந்திர தினத்தன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்ததோ நான் கேட்ட வரையில் காதில் விழுந்ததில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையும், அதையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையையும் பற்றி யாராவது தமிழில் ஒரு நல்ல பாகம் செய்தால், பதிவுக்கு மைக் பிடிக்க நான் வருகிறேன்.

இப்போது காற்று திசை மாறுகிறது. கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை 2024-ல் மூடிவிட்டு எல்லோரையும் யூடியூப் பக்கம் அனுப்பியது. மாதம் 100 கோடிப் பேர் தன்னிடம் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள் என்று யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அங்கே அடுத்து என்ன ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது யூடியூப். பேசுபவரின் சானலை நிறுத்திவைக்கவும் அதனால் முடியும். இயந்திரமே பேசும் பாட்காஸ்டும் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் கூகுளின் நோட்புக்எல்எம், எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் ஆண் குரலும் பெண் குரலும் உரையாடுவதுபோல் ஆக்கித் தரத் தொடங்கியது. கேட்டேன். ‘ம்ம்’ கொட்டுவதுகூட இருக்கிறது. ஆனால் இருவரும் எதற்கெடுத்தாலும் வியக்கிறார்கள். லபோர்ட் கோஷ்டியில் ஒருவராவது ‘அட போங்கய்யா’ என்று சொல்லியிருப்பார்.

கேட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆன்டென்னாபாட் மாதிரி விளம்பரமில்லாத இலவசச் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அது ஃபீடை நேரடியாகப் படிக்கும். யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாம். அன்றாடச் செய்திக்கு மெரிட், அல்லது கால் மணி நேரத்தில் சுருக்கென்று முடிக்கும் பிரையன் மெக்கல்லாவின் ‘டெக் ப்ரூ ரைடு ஹோம்’ (முன்பு ‘டெக்மீம் ரைடு ஹோம்’). அதே மெக்கல்லா 2014-லிருந்து நடத்திய ‘இன்டர்நெட் ஹிஸ்டரி பாட்காஸ்ட்’டில், இணையத்தின் ஆரம்பகாலக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் வாயாலேயே பழங்கதை கேட்கலாம், அவசரமே இல்லாத நல்ல பேட்டிகள். கம்பெனிகளின் முழு வரலாறு வேண்டுமென்றால் பென் கில்பர்ட், டேவிட் ரோசன்தால் இருவரின் ‘அக்வயர்டு’. உழைப்பு அபாரம். ஆனால் சில பாகங்கள் நாலு மணி நேரம் ஓடுகின்றன. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேளுங்கள் என்று வீட்டுப் பிள்ளைகள் யோசனை சொல்கிறார்கள். மனிதன் மூச்சு விடும் இடமெல்லாம் நசுங்கிப்போகும், அது கேட்கிற முறையா? அந்த இருவருக்கும் வேண்டியது வேகம் கூட்டும் பொத்தான் இல்லை, கண்டிப்பான ஒரு எடிட்டர். மஞ்சள் பென்சில் என்னிடம் இன்னும் இருக்கிறது. கூப்பிட்டால் நாலு மணியை இரண்டரைக்குக் கொண்டுவந்து தருவேன்.